பழைய டீசல் கார்: ஒரு சிந்தாதிரிப்பேட்டைக் கணக்கு

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. அண்ணா சாலையைத் தாண்டினால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. ஒரு பக்கம் கழற்றிப்போட்ட கார் சாமான், இன்னொரு பக்கம் டப்பா பிரிக்காத கார் சாமான். நடுவில், 1734ல் நெசவாளர்களுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவாக்கிய பேட்டை. இன்று அங்கே தறிச் சத்தம் இல்லை. மீன் மார்க்கெட்டும் குறுகலான தெருக்களும், அவற்றில் ஒரு சக்கரம் சாக்கடை மூடியின் மேல் ஏறி நிற்கும் கார்களும்தான். பதினைந்து, இருபது வயதான டீசல் காரை வைத்துக்கொண்டு திண்டாடும் ஒருவருக்குச் சென்னையில் இதைவிடத் தோதான முகவரி கிடையாது.

ஆனாலும் அவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னுமா இதை வச்சிருக்கீங்க?"

கேட்பவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் டெல்லிச் செய்தி. பத்து வருடம் ஆன டீசல் வண்டி சட்டப்படி ஓடக் கூடாது என்று சென்னையிலும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியொரு விதி இங்கே கிடையாது. அதற்காகப் பழைய டீசல் கார் லாபம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. வண்டிக்கு எத்தனை வயது என்பதைவிட, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, பானெட்டுக்கு அடியில் எந்தத் தலைமுறை பம்ப் இருக்கிறது என்ற இரண்டும்தான் கணக்கைத் தீர்மானிக்கின்றன.

டீசல் இன்ஜினுக்கும் இந்த வட்டாரத்துக்கும் உறவு பழையது. பெரியார் சிலைக்கு எதிரே பஸ் நிறுத்தத்துக்கே பெயர் கொடுத்திருக்கும் சிம்சன் நிறுவனம் 1840ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கியது. 1903ல் அதன் பட்டறையிலிருந்து நீராவியில் ஓடும் கார் ஒன்று மெட்ராஸ் தெருவுக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின்களை இங்கே தயாரித்ததும் அதே நிறுவனம்தான். லாரிக்கும் டிராக்டருக்கும் வந்த டீசல், காருக்கு வர நாளாயிற்று. அதுவரை மக்கள் சும்மா இருக்கவில்லை. பெட்ரோல் குடிக்கும் அம்பாசடரின் இன்ஜினை இறக்கிவிட்டு மெட்டடார் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். வண்டி தடதடவென்று ஆடியது; பேசினால் காது கேட்காது; ஆனால் பெட்ரோல் பங்க்கில் பர்ஸ் கனமாகவே இருந்தது.

1980ஐ ஒட்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 1,489 சிசி டீசல் அம்பாசடரை விற்கத் தொடங்கியது. நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாத இன்ஜின் அது. அண்ணா சாலை சிக்னலில் பச்சை விழுந்தபின் கிளம்புவதற்குள் பின்னால் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். பிரீமியர் பத்மினிக்கும் 1,366 சிசியில் ஓர் இத்தாலிய டீசல் இன்ஜின் வந்தது. இவையெல்லாம் வேகத்துக்காக வாங்கிய வண்டிகள் அல்ல.

உண்மையான திருப்பம் 1998. டாடா இண்டிகா அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது. 1,405 சிசி டீசல் இன்ஜின், அம்பாசடருக்குப் போட்டியாக இடவசதி. சில ஆண்டுகளில் சென்னையின் கால் டாக்சி என்றாலே இண்டிகா என்றாகிவிட்டது. அதே காலத்தில் சென்னையைச் சுற்றியே தொழிற்சாலைகள் முளைத்தன. திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர், மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான், ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய். 2002ல் ஹூண்டாயின் ஆக்சென்ட் சிஆர்டிஐ வந்தபோது காமன் ரெயில் என்ற சொல் இங்குள்ள மெக்கானிக்குகளின் அகராதியில் ஏறியது. 2007ல் மாருதி ஸ்விஃப்டில் ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின் வந்தது. பிறகு அதே இன்ஜின் டாடா, ஃபியட், செவர்லே என்று வேறுவேறு பேட்ஜ்களுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது.

மக்கள் டீசலை விரும்பியதற்குக் காரணம் இன்ஜின் அல்ல, அரசின் விலைக் கொள்கை. 2010 ஜூனில் பெட்ரோல் விலையைச் சந்தையிடம் விட்ட மத்திய அரசு, டீசலைத் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டது. இடைவெளி ஏறிக்கொண்டே போனது. 2012-13ல் நாட்டில் விற்ற பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் டீசல். 2013 ஜனவரியிலிருந்து மாதம் சுமார் ஐம்பது காசு என்று டீசல் விலையை ஏற்றி, 2014 அக்டோபரில் அதையும் சந்தையிடம் விட்டார்கள். விலை வித்தியாசம் சுருங்கியது. டீசல் மோகமும் சுருங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைத் தர விதி வந்தபோது மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்தியது. இன்று யூஸ்டு கார் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டீசல்களில் பெரும்பகுதி அந்த மோகக் காலத்தின் மிச்சம்.

அந்த மிச்சத்தில் இரண்டு சாதி உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குகிறவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள்.

முதல் சாதி, எல்லாமே இரும்பும் ஸ்பிரிங்குமாக இருக்கும் மெக்கானிக்கல் பம்ப் வண்டி. பழைய அம்பாசடர், ஆரம்பகால இண்டிகா, குவாலிஸ், பழைய ஐகான் டீசல் எல்லாம் இந்த ரகம். இவற்றில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை இருபதில் ஒரு பங்காக நசுக்க, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. எனவே வண்டி கிளம்பவில்லை என்றால் காரணங்களும் சிலவே: கம்ப்ரஷன் போயிருக்க வேண்டும், ஹீட்டர் பிளக் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் டீசல் லைனில் காற்று புகுந்திருக்க வேண்டும். கடைசிதான் அடிக்கடி நடப்பது. "ஏர் புடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக் டீசல் ஃபில்டரின் தலையில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்துவார். கைப் பம்பை அமுக்க அமுக்க ஸ்க்ரூவின் ஓரத்தில் நுரையாக டீசல் வழியும். குமிழ் நின்று வெறும் டீசல் வழியத் தொடங்கியதும் ஸ்க்ரூவை இறுக்கி, செல்ஃப் அடிப்பார். இதற்கு லேப்டாப் வேண்டாம், பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும்.

டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசிலின் சோதனையும் கண்ணால் பார்க்கிற வேலைதான். டீசல் பம்ப் பட்டறையின் மேசையில் கைப்பிடி வைத்த டெஸ்டரில் நாசிலை மாட்டி அழுத்துவார்கள். பழைய ரக நாசில் நூற்றுச் சொச்சம் பார் அழுத்தத்தில் திறக்க வேண்டும். திறக்கும்போது டீசல் புகைமாதிரிச் சீராகத் தெறிக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து பீய்ச்சினாலோ, நின்ற பிறகு நுனியில் ஒரு துளி தொங்கினாலோ, அந்த நாசில்தான் சைலன்சரில் வரும் கறுப்புப் புகைக்குக் காரணம். ஷிம் மாற்றி அழுத்தத்தைச் சரிசெய்வார்கள். தேய்ந்திருந்தால் நாசில் மாற்றுவார்கள். நாலு சிலிண்டருக்கும் செய்தாலும் சம்பளத்தை விழுங்கும் செலவு அல்ல. நாசிலைத் திரும்ப மாட்டும்போது பழைய காப்பர் வாஷரையே போட்டுக் காசு மிச்சம் பிடிப்பதுதான் இதில் செய்யக் கூடாத தவறு.

இரண்டாவது சாதி காமன் ரெயில். பம்ப், டீசலை ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தி ஒரு பொதுக் குழாயில் நிறுத்துகிறது; எந்த நொடியில் எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்ல, இன்ஜெக்டர் திறந்து மூடுகிறது. அதனால் சத்தம் குறைவு, பிக்கப் அதிகம், மைலேஜ் அதிகம். விலையாகக் கேட்பது சுத்தம். டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ இருந்தால் பழைய பம்ப் இருமிக்கொண்டே ஓடிவிடும். காமன் ரெயில் இன்ஜெக்டர் ஓடாது. ஒரு புது இன்ஜெக்டரின் விலை ஐந்திலக்கத்தைத் தொடும் வண்டிகள் உண்டு. அதில் நாலு வேண்டும் என்றால் வண்டியின் சந்தை விலையில் பெரும்பங்கு போய்விடும். அதனால்தான் இந்த ரக வண்டிக்காரர்கள் டீசல் ஃபில்டரைச் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்ற வேண்டும், அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும், ஒரே நம்பகமான பங்க்கில் போட வேண்டும் என்று மெக்கானிக்குகள் மந்திரம்போல ஓதுகிறார்கள்.

இந்த ரகத்தில் பழையதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டுமானால் மல்டிஜெட்தான் பாதுகாப்பான பந்தயம். அது சிறந்த இன்ஜின் என்பதற்காக அல்ல. இத்தனை நிறுவனங்கள் இத்தனை கார்களில் போட்டதால் சாமானும் கை பழகிய மெக்கானிக்கும் எங்கும் கிடைப்பதற்காக. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருப்பதும் ஒரு நிம்மதி. இதற்கு நேர் எதிர், திருவள்ளூர் லான்சர் டீசல். இன்ஜின் கல்லுக் குண்டு; ஆனால் ஒரு சென்சாருக்கோ ஹெட்லைட்டுக்கோ அலைந்தால்தான் அருமை தெரியும். ஃபோர்டு 2021ல் இந்திய உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்து, மறைமலை நகர் ஆலையை அடுத்த ஆண்டு நிறுத்தியபோது, அந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அதே பயம் வந்தது.

டீசல் காரைக் கொல்வது தூரம் அல்ல, பக்கத்துத் தெரு. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மயிலாப்பூருக்குக் காய்கறி வாங்கப் போய் வந்தால் இன்ஜின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். அரைச் சூட்டில் எரியும் டீசல் கரியாகப் படியும்; புகையை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வும் மேனிஃபோல்டும் அடைபடும்; டர்போவின் இதழ்கள் இறுகும். கோயம்பேட்டிலிருந்து விழுப்புரம்வரை வாரம் ஒருமுறை போய் வரும் வண்டிக்கு இந்தத் தொல்லை பாதிகூட இருக்காது. வீட்டு வாசலில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இன்னும் மோசம்: டாங்கில் ஈரம் கோத்துத் தண்ணீராகும், பம்பின் ரப்பர் சீல் காயும், பேட்டரி படுத்துவிடும்.

சீல் பற்றி ஒரு வார்த்தை. பி.எஸ். 2 காலத்தில் டீசலில் பத்து லட்சத்துக்கு 500 பங்குவரை கந்தகம் இருக்கலாம். 2020லிருந்து வெறும் 10 பங்கு. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழுக்கும் தன்மையும் குறைகிறது. அதை ஈடுகட்ட எண்ணெய் நிறுவனங்கள் சேர்மானம் கலக்கின்றன; இந்தியத் தர விதியிலேயே அதற்கு வரம்பு இருக்கிறது. அதனால் புது டீசல் பழைய பம்பைத் தேய்த்துவிடும் என்ற பயத்தில் கண்ட எண்ணெயையும் டாங்கில் ஊற்ற வேண்டியதில்லை. பழைய சீல் சுருங்கிக் கசிந்தால் சீல் கிட் மாற்றினால் போதும். பழைய பெட்ரோல் கார்க்காரர்கள் இருபது சதவீத எத்தனால் கலப்பை நினைத்து 2025 முழுக்க விட்ட பெருமூச்சோடு ஒப்பிட்டால் டீசல்காரர் பாடு தேவலை.

சென்னைக்கென்றே சில நோய்கள் உண்டு. போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் அம்பாசடர் காலத்திலிருந்து தொடர்கிறது. அந்த உப்பு உள்ளே படிந்து, மே மாதத்து டிராஃபிக்கில் ஹெட் கேஸ்கெட்டைக் காவு வாங்கும். பெசன்ட் நகர், அடையாறு பக்கம் நிற்கும் வண்டிகளின் கதவடியைக் கடல் காற்று அரிக்கும். இன்ஜின் நன்றாக இருந்து பாடி போன வண்டிக்கு டிங்கரிங் செலவு, இன்ஜின் செலவைத் தாண்டிவிடும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது மழை. 2015 டிசம்பரில் கூவமும் அடையாறும் கரை தாண்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், தண்ணீரில் நின்ற கார்களைவிட, வடிந்ததும் அவசரப்பட்டு செல்ஃப் அடித்த கார்களுக்குத்தான் சேதம் அதிகம். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை நசுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசலில் எரியறையின் இடம் மிகக் குறைவு என்பதால் பெட்ரோல் இன்ஜினைவிடக் கொஞ்சம் தண்ணீரே போதும். ஹீட்டர் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே துப்பவைத்து, ஆயிலை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பொறுமைக்கு ஒரு நாள், அவசரத்துக்கு ஒரு இன்ஜின்.

அப்படி இன்ஜின் போனவர்கள் போய்ச் சேரும் இடம் புதுப்பேட்டை. கதவு ஒரு கடை, டாஷ்போர்டு ஒரு கடை, கியர் பாக்ஸ் ஒரு கடை என்று வண்டியை அக்கக்காகப் பிரித்து வைத்திருக்கும் அந்தச் சந்தையை ஊருக்கு வெளியே மாற்றும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. பாடி பாகம், கண்ணாடி, சீட், பவர் விண்டோ மோட்டார், ஆல்டர்னேட்டர் எல்லாம் அங்கே வாங்கலாம். புதிய விலையில் ஒரு பங்குதான் ஆகும். பிரேக் பாகங்கள், டைமிங் பெல்ட், ஸ்டியரிங் பாகங்கள் ஆகியவற்றை அங்கே வாங்குவது சிக்கனம் அல்ல, அசட்டுத் துணிச்சல். அதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கிறது. முழு இன்ஜின் வாங்கினால் பில்லும் அந்த வண்டி பற்றிய காகிதமும் கட்டாயம். மாற்றிய இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் தகுதிச் சான்று (எஃப்.சி.) வாங்கும் நாளில் வினை வரும்.

இனி காசு. 2025ல் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 80 காசை ஒட்டியும் டீசல் 92 ரூபாய் 40 காசை ஒட்டியும் நின்றன. டீசல் லிட்டருக்கு 18, அதே அளவு பெட்ரோல் கார் 14 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் டீசல்காரருக்குச் சுமார் 2,050 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 25,000 ரூபாயை நெருங்கும். பராமரிப்பில் கூடுதலாகப் போவதைக் கழித்தாலும் கை கடிக்காது. மாதம் 300 கிலோமீட்டர்தான் என்றால் வருட மிச்சம் 7,500 ரூபாய்கூட வராது. ஒரே ஒரு இன்ஜெக்டர் போனால் அந்த வருடக் கணக்கு நஷ்டத்தில் முடியும்.

இதோடு அரசின் பங்கு. தனியார் காரின் பதிவு 15 ஆண்டு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் தண்டம். தமிழகத்தின் பசுமை வரி தனி. மூன்றாம் நபர் காப்பீட்டில் பலர் கவனிக்காத ஒரு கோடு இருக்கிறது: 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசிவரை 3,416 ரூபாய், அதற்கும் மேல் 7,897. பழைய 1,489 சிசி அம்பாசடர் டீசல் கோட்டுக்கு இந்தப் பக்கம். பிறகு வந்த 1,995 சிசி இசுசு டீசல் அம்பாசடர் அந்தப் பக்கம்.

டெல்லியில் நடந்தது வேறு கதை. பத்து ஆண்டு தாண்டிய டீசலைத் தடுக்கும் உத்தரவைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் போட்டது. 2018ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று சொன்ன நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4, அதற்கு மேலான வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. வயதிலிருந்து புகைத் தரத்துக்கு அளவுகோல் நகர்ந்தது சரியான திசைதான். இந்தக் குழப்பத்தில் டெல்லிக்காரர்கள் தள்ளிவிட்ட டீசல் கார்கள் தெற்கே வந்தன. மலிவு என்று பாய்வதற்கு முன் தடையின்மைச் சான்றும் தமிழ்நாட்டு ஆயுள் வரியும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

டீசல் அபிமானிகள் பேச விரும்பாத விஷயம் புகை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பி.எஸ். 3 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.05 கிராம் துகள் வெளியிடலாம், பி.எஸ். 6 காருக்கு வரம்பு 0.0045 கிராம். பதினோரு மடங்கு வித்தியாசம், அதுவும் பழைய வண்டி புதிதாக இருந்தபோது உள்ள கணக்கு. நாசில் சொட்டும் வண்டியில் இது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பி.யு.சி. சோதனையில் சைலன்சரில் குழாயைச் செருகி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் புகையின் கருமையை அளக்கிறார்கள், பி.எஸ். 4க்கு முந்தைய வண்டிக்கு 65 அலகு, பி.எஸ். 4க்கு 50 அலகு வரம்பு. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை இந்தச் சோதனை பிடிப்பதில்லை. சிந்தாதிரிப்பேட்டைபோல ஜன்னலுக்கும் சைலன்சருக்கும் இடையே நாலடிகூட இல்லாத தெருவில் இது ஏட்டுக் கவலை அல்ல. வண்டியை வைத்திருப்பவர் நாசிலையும் ஏர் ஃபில்டரையும் ஒழுங்காகப் பார்ப்பது பக்கத்து வீட்டுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. வாசலில் பத்து நிமிடம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றும் பழக்கத்தை விடுவது அதற்கும் முந்தியது.

இத்தனைக்குப் பிறகும் வாங்கத்தான் போகிறார் என்றால், காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போவது நல்லது. பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். சென்னைச் சூட்டில் நல்ல கம்ப்ரஷன் உள்ள டீசல் சட்டென்று பிடித்துக்கொள்ளும். இழுத்து இழுத்துக் கிளம்பினால் சந்தேகப்பட வேண்டும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம், குபுகுபுவென்று புகை வரக் கூடாது. நீலப் புகை ஆயில், கறுப்பு நாசில் அல்லது டர்போ, நிற்காத வெள்ளைப் புகையும் கூலன்ட் குறைவும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பரை இன்ஜினிலேயே தேடிப் படிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்து வண்டி கைக்கு வந்துவிட்டால், சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும் அப்புறம். பெல்ட் வண்டியானால் முதல் வாரமே டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும் புதிதாக, பில்லோடு, மாற்ற வேண்டும். பழைய பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்றவர் சொல்லும் கணக்கை நம்பி ஓட்டினால், அது அறுகிற அன்று வால்வும் பிஸ்டனும் மோதி, மறுபடி புதுப்பேட்டைக்கே வர வேண்டியிருக்கும்.